எங்கள் ஊரைச் சாட்சிக்கு இழுத்தவர்கள்

2020 பிப்ரவரியில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் ஓர் எழுத்துக் குறிப்பைத் தாக்கல் செய்தது. தரைப்படையில் குறுகிய காலப் பணிக்கு எடுக்கப்பட்ட பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி தருவதா, படைப்பிரிவுகளுக்குத் தலைமை தாங்கும் பொறுப்பைத் தருவதா என்பது வழக்கு. தரக் கூடாது என்பதற்கு அரசு அடுக்கிய காரணங்களில் உடல் வலிமை இருந்தது. பிள்ளைப்பேறும் குடும்பப் பொறுப்பும் இருந்தன. எதிரியிடம் சிறைப்பட்டால் என்ன ஆகும் என்ற அச்சமும் இருந்தது. இவையெல்லாம் பல காலமாகக் கேட்டவை. உறுத்திய காரணம் வேறொன்று. சிப்பாய்களில் பெரும்பாலோர் கிராமத்திலிருந்து வரும் ஆண்கள், அங்கே நிலவும் வழக்கங்களில் ஊறியவர்கள், ஒரு பெண்ணின் தலைமையை ஏற்கும் மனப்பக்குவம் அவர்களுக்கு இன்னும் வரவில்லை என்றது அந்தக் குறிப்பு. 2018 டிசம்பரில் அன்றைய தரைப்படைத் தளபதி பிபின் ராவத்தும் ஒரு பேட்டியில் இதையே சொல்லியிருந்தார்.

எந்த ஊரின் பெயரும் அதில் இல்லை. ஆனாலும் பேச்சு எங்களைப் பற்றித்தான். விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் நடுவே எங்கள் மல்லாங்கிணறு, தெற்கே அருப்புக்கோட்டை, அதற்கும் அப்பால் திருச்சுழி. மழை பெய்தால் சோளம், கம்பு, பருத்தி, மல்லி. பெய்யாத வருடத்தில் கருவேலங்கரி மூட்டமும், திருப்பூர் பஸ்ஸும், பட்டாசு ஆலை வேனும். இந்தக் கரிசல் காட்டுப் பையன்களுக்குப் பட்டாளம் என்றால் முதல் தேதியில் வரும் சம்பளம், 2022 வரை ஓய்வுக்குப் பின் பென்ஷன், கேண்டீன் அட்டை, பெண் கேட்டுப் போகிற வீட்டில் கிடைக்கிற மரியாதை. விடியுமுன் ஊர்ச் சாலைகளில் ஓடிப் பழகும் பையன்கள் இதற்காகத்தான் ஓடுகிறார்கள். அவர்களைக் கேட்காமலேயே அவர்கள் பெயரைச் சொல்லி நாட்டின் பெண்களுக்கு ஒரு கதவை அடைத்துவைக்கப் பார்த்தார்கள். அந்த வாதத்தை எடைபோட்டுப் பார்க்கும் பொறுப்பு எங்களுக்கும் உண்டு.

உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2020 பிப்ரவரி 17 அன்று நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், அஜய் ரஸ்தோகி அமர்வு பபிதா புனியா வழக்கில் பெண் அதிகாரிகளின் பக்கம் தீர்ப்பளித்தது. பெண்களுக்குத் தலைமைப் பொறுப்பை ஒட்டுமொத்தமாக மறுப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்றது. அரசின் காரணங்களைப் பழைய வார்ப்புகளில் ஊறிய எண்ணங்கள் என்று ஒதுக்கியது. ஆனால் ஒதுக்கியதோடு சரி. கிராமத்து ஆண் உண்மையிலேயே அப்படித்தானா, ராணுவம் அவனை அப்படியே வாங்கி வைத்துக்கொள்கிறதா அல்லது தானே ஆக்குகிறதா என்ற கேள்விக்குள் தீர்ப்பு போகவில்லை. ஆண்டுகள் பல கடந்த இவ்வேளையில் அந்தத் தீர்ப்பின் வலிமையும் குறையும் அந்தக் கேள்வியில்தான் இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

முதலில் அரசின் பக்கத்து நியாயத்தைப் பார்த்துவிடலாம். எங்கள் ஊர் ஆண்களைப் பற்றி அழகாகச் சொல்லிக்கொண்டு இந்த வாதத்தை வெல்ல முடியாது. இளவட்டக்கல்லைத் தூக்கியவனுக்கே பெண் என்ற பழங்கதை இந்தப் பக்கத்தில் இன்னும் பெருமையாகச் சொல்லப்படுகிறது. சண்டைக்கு இழுப்பவன் ‘ஆம்பளையா இருந்தா வாடா’ என்றுதான் இழுக்கிறான். 2016-இல் தமிழ்நாடு உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கிய பிறகும், தலைவியின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் கணவர் உட்கார்ந்து பேசுவதைப் பல ஊராட்சி அலுவலகங்களில் பார்க்கலாம். திருமணத்தில், சொத்தில், சாதி விட்டுக் காதலித்த மகள் மீது கை ஓங்குவதில், ஆண் என்ற அதிகாரம் இங்கே உயிரோடு இருக்கிறது. இதையெல்லாம் பெண்களும் சேர்ந்தே காத்துவந்திருக்கிறார்கள். வீட்டு ஆண்களைப் போருக்குக் கொடுத்த பிறகும் ஒரே மகனைக் களத்துக்கு அனுப்பிவைக்கும் தாயைப் புறநானூற்றில் பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார், ஒரு பெண். ஆகவே ‘கிராமத்தில் ஆணாதிக்கம் உண்டு’ என்ற அளவில் அரசு சொன்னது பொய் இல்லை.

ஆணாதிக்கம் இருப்பது ஒரு விஷயம், பெண்ணின் உத்தரவுக்குக் கீழ்ப்படிய மறுப்பது வேறு விஷயம். முதலாவதைக் காட்டி இரண்டாவதை நிரூபித்ததாக அரசு எடுத்துக்கொண்டது. இரண்டாவதற்கு ஊரில் சான்று தேடினால் எதிர்ச்சான்றுதான் கிடைக்கிறது. பட்டா மாறுதலுக்குப் பெண் கிராம நிர்வாக அலுவலர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவன் இதே ஆண்தான். தமிழ்நாடு காவல் துறையில் 1973-இல் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. இன்று மாநிலத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட மகளிர் நிலையங்கள் இருக்கின்றன. 2010-இல் லத்திகா சரண் மாநிலக் காவல் துறைக்கே தலைவரானார். அவருக்குக் கீழே இருந்த காவலர்களில் பெரும்பாலோர் எங்களைப் போன்ற ஊர்களில் பிறந்த ஆண்கள்தாம். பெண் இன்ஸ்பெக்டருக்கு சல்யூட் அடித்துவிட்டு வீட்டுக்குப் போய் மனைவியை அதட்டுகிறவன் இருக்கலாம், இருக்கிறான். அவனுடைய வீட்டு நடத்தையைக் காரணம் காட்டி இன்ஸ்பெக்டர் பதவியைப் பெண்ணுக்கு மறுக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை.

காவல் நிலையம் வேறு, பனிமலைப் பதுங்குகுழி வேறு என்று மறுப்பு வரலாம். சேர்ந்து உண்டு உறங்கி ஒருவர் உயிரை ஒருவர் கையில் வைத்திருக்கும் வாழ்க்கை போலீஸ்காரருக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த நெருக்கடியிலும் ராணுவம் எதை நம்பிக் கீழ்ப்படிதலை உருவாக்குகிறது என்று பார்க்க வேண்டும். மதராஸ் ரெஜிமெண்டுக்கு எடுக்கப்படும் பையன் நீலகிரி வெலிங்டனில் உள்ள பயிற்சி மையத்துக்குப் போகிறான். அதுவரை கேட்டுப் பழகாத இந்தியில் கட்டளை கேட்கிறான். தன் ஊரில் யாருடைய தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதோ அந்தச் சாதிக்காரனும், தன் தெருவுக்குள் யார் வந்தால் முகம் சுளிப்பானோ அந்தச் சாதிக்காரனும் ஒரே தட்டு வரிசையில் நிற்கிறார்கள். மேலதிகாரி எந்தச் சாதி, எந்த மதம், எந்த மாநிலம் என்று கேட்கும் உரிமை சிப்பாய்க்கு இல்லை. தோளில் உள்ள நட்சத்திரத்துக்குத்தான் சல்யூட். ஆயிரம் வருடச் சாதிப் பழக்கத்தைக் கட்டளை நேரத்தில் மறக்கவைக்கும் பயிற்சியை, மாதக்கணக்கில் முடிக்கத் தெரிந்த நிறுவனம் இது. ஒரு பெண் அதிகாரிக்கு மட்டும் அது முடியாது என்றால் முடியாமையின் வேர் கிராமத்தில் இல்லை.

அது எங்கே இருக்கிறது என்பதற்குப் பயிற்சி மைதானத்தையே பார்க்கலாம். ஓடி முடியாமல் தளர்ந்து நிற்கும் பையனைப் பெண்ணோடு ஒப்பிட்டுத் திட்டுவது உலகின் பல படைகளில் பழகிப்போன முறை. அழுதால் பொம்பளை, பயந்தால் பொம்பளை, வலிக்கிறது என்றால் பொம்பளை. பதினெட்டு வயதில் சொந்த ஊரை விட்டு வந்தவன், பலவீனத்துக்கு இன்னொரு பெயர் பெண் என்று அங்கே நாள்தோறும் கேட்கிறான். அவனுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர்களே பிறகு நீதிமன்றத்துக்கு வந்து, இவனால் பெண்ணைத் தலைவியாக ஏற்க முடியாது என்கிறார்கள். கிராமம் கொடுத்த விதையை மறுக்கவில்லை, அதற்குத் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த கை எது என்றுதான் கேட்கிறேன்.

யார் போருக்குத் தகுந்த ஆண் என்ற தீர்ப்பு அடிக்கடி நிர்வாகத்தின் வசதிக்காக எழுதப்பட்டிருக்கிறது. இதற்குத் தமிழர்களே பெரிய சாட்சி. கிழக்கிந்திய கம்பெனியின் மதராஸ் படை தெற்கில் மட்டுமல்லாமல் பர்மா வரை போய்ப் போரிட்ட படை. 1857-க்குப் பிறகு ‘போர்க்குணம் உள்ள இனங்கள்’ என்ற கோட்பாடு வலுத்தது. 1881 முதல் 1885 வரை மதராஸ் படைத் தளபதியாகவும், பிறகு இந்தியப் படைக்கே தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியச் சிப்பாய் நீண்ட அமைதியில் மென்மையாகிவிட்டான், வடக்கத்தியப் பகைவன் முன் நிற்க மாட்டான் என்று உறுதியாக நம்பினார், எழுதவும் செய்தார். மதராஸ் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1920-களின் இறுதிக்குள் காலாட்படையில் மதராஸ் ரெஜிமெண்டே இல்லாமல் போனது. இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் பற்றாக்குறை ஏற்பட்டதும் அதே தென்னிந்தியர்கள் தேவைப்பட்டார்கள், ரெஜிமெண்ட் மறுபடி எழுப்பப்பட்டது. இடைப்பட்ட பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தமிழ் ஆண்களின் உடம்பில் எதுவும் மாறிவிடவில்லை, ஆள் தேவைதான் மாறியது. வங்காளி ஆண் பெண்மை கலந்தவன் என்ற பேச்சு ஆங்கிலேய ஆட்சிக்கு எப்படி உதவியது என்பதை வரலாற்றாசிரியர் மிருணாளினி சின்ஹா 1995-இல் தனி நூலாகவே எழுதினார். ‘நீ போதிய அளவு ஆண் இல்லை’ என்று ஒருகாலத்தில் வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். அதே அளவுகோலை எங்கள் பெயராலேயே பெண்கள் மீது வைக்கும்போது கோபம் வருவது இயல்பு.

சீருடை கொடுத்த கம்பீரத்தை வெறும் ஆணாதிக்கம் என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. 1985 வரை நாங்கள் இருந்தது ஒன்றுபட்ட ராமநாதபுரம் மாவட்டம். முதுகுளத்தூர் பக்கத்துச் செல்லூரில் 1924-இல் பிறந்த இமானுவேல் சேகரன் ராணுவத்தில் பணியாற்றித் திரும்பியவர். நிமிர்ந்து நடப்பதும், சமமாக உட்கார்ந்து பேசுவதும் ஒரு தலித் இளைஞனின் உரிமை என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கொல்லப்பட்டார். அவருக்கும் அவரைப் போன்று படையிலிருந்து திரும்பிய எத்தனையோ பேருக்கும் சீருடை கொடுத்த நிமிர்வு, அடுத்தவனை அடக்கும் ஆண் திமிர் இல்லை. காலங்காலமாகக் குனியவைக்கப்பட்ட உடம்பு முதன்முறையாக நிமிர்ந்த நிமிர்வு அது. பட்டாளத்தின் ஆண்மையில் அடக்கும் பங்கு, விடுவிக்கும் பங்கு என்று இரண்டும் கலந்தே கிடக்கின்றன. விடுவிக்கும் அந்தப் பங்கு ஆணுக்கு மட்டும் ஏன் என்ற கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. தெருவில் நிமிர்ந்து நடக்க முடியாதவர்களின் வரிசையில் தலித் பெண்ணுக்கு முன்னால் யார் நிற்கிறார்கள்?

தமிழ்ப் பெண் ஆயுதம் ஏந்தியது வெறும் கற்பனை இல்லை. 1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூரில் நேதாஜி ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாமைத் திறந்துவைத்தார். தலைமை ஏற்றவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன். படையில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதி மலாயா ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர் வீட்டுப் பெண்கள். பால்வெட்டும் கத்தியைப் பிடித்த கைகள் துப்பாக்கியைப் பிடித்தன. அந்தப் படை பர்மா வரை போனாலும் முன்னணிச் சமரில் இறக்கப்படவில்லை, 1945-இல் பின்வாங்கலோடு கலைந்தது. ஆகவே போர்முனைத் திறனுக்கு அதைச் சான்றாகக் காட்டுவது மிகை. கட்டளையிடும் பெண்ணும், கட்டளையை ஏற்கும் ஏழைத் தோட்டத் தொழிலாளர் உலகமும் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தன என்பதற்கு அது போதும்.

போர்முனைச் சான்று வேண்டும் என்றால் ஈழம் இருக்கிறது. அதை மேற்கோள் காட்டும் பலரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். விடுதலைப் புலிகளின் பெண் போராளிகள் எல்லாக் களங்களிலும் நின்றார்கள், தளபதிகளாக ஆண்களோடு போர் நடத்தினார்கள். உடல் முடியாது என்ற வாதத்துக்கு அங்கே பதில் கிடைத்துவிட்டது. ஆனால் 2009-க்குப் பிறகு உயிரோடு ஊர் திரும்பிய பெண்ணை அந்தச் சமூகம் எப்படிப் பார்த்தது? மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த தமிழினி, 2015-இல் புற்றுநோயில் மறைந்த பிறகு வெளிவந்த ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ நூலைப் படித்தவர்களுக்குப் பதில் தெரியும். காயம்பட்ட ஆண் போராளிக்குக் கிடைத்த இடம் காயம்பட்ட பெண் போராளிக்குக் கிடைக்கவில்லை. துப்பாக்கியைப் பெண் கையில் கொடுத்த அமைப்பு, ஆண்மையை அளவுகோலாக வைத்த சமூகத்தை அப்படியே விட்டுவைத்திருந்தது. படைக்குள் பெண்ணைச் சேர்ப்பதும் படையின் ஆண்மையை மாற்றுவதும் ஒரே வேலை இல்லை என்பதை ஈழத்தை விடக் கடுமையாகச் சொல்லும் அனுபவம் தமிழர்களிடம் இல்லை.

இந்த வேறுபாட்டை வைத்துத்தான் பபிதா புனியா தீர்ப்பை அளக்கிறேன். அது சரி செய்த அநீதி பெரியது. பெண்கள் 1992 முதல் சென்னையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி நிலையத்தில் பயிற்சி பெற்று வந்தவர்கள். 2010-இலேயே டெல்லி உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்திருந்தது. ஏறக்குறைய பத்தாண்டுகள் அரசு அதை நடைமுறைப்படுத்தவில்லை. 2019 பிப்ரவரியில் நிரந்தரப் பணி தருவதாகக் கொள்கை அறிவித்தபோதும், அலுவலகப் பணிதான், தலைமைப் பொறுப்பு இல்லை என்று வரம்பு கட்டியது. அந்தக் கொள்கை வெளியானபோது பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன். முப்படைத் தளபதிகளும் ஒரு பெண் அமைச்சருக்குக் கீழே பணியாற்றிய அமைச்சகம், சிப்பாய் பெண்ணை ஏற்கமாட்டான் என்று அடுத்த ஆண்டு வாதாடியது. 1971 போரை நடத்திய பிரதமர் யார் என்பதையும் அது நினைத்துப் பார்த்திருக்கலாம்.

பபிதா புனியாவை விட ஆழமாகப் போன தீர்ப்பு 2021 மார்ச் 25 அன்று வந்த நிதிஷா வழக்குத் தீர்ப்பு. முந்தைய தீர்ப்பை நடைமுறைப்படுத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு ராணுவம் ஒரு மருத்துவத் தகுதியை முன்வைத்தது. ஆண் அதிகாரிகள் இருபத்தைந்து, முப்பது வயதில் தாண்டிய உடற்தகுதியை, பத்தாண்டு காக்கவைக்கப்பட்ட பெண்கள் நாற்பது, ஐம்பது வயதில் தாண்ட வேண்டியிருந்தது. இவர்களுக்கு எதிர்காலம் இல்லை என்ற எண்ணத்தோடு எழுதப்பட்ட பழைய ஆண்டறிக்கைகளை வைத்தே தேர்வும் நடந்தது. எல்லோருக்கும் ஒரே விதி என்று வெளியே தெரிந்தாலும் விளைவில் அது பெண்களை வடிகட்டுகிறது, இதுவும் பாகுபாடுதான் என்றது நீதிமன்றம். ஆண்மை என்பது சிலரின் கெட்ட எண்ணமாக மட்டும் இல்லாமல் விதியிலும் படிவத்திலும் உட்கார்ந்திருக்கும் என்பதை இந்தியச் சட்டம் கண்டுகொண்ட இடம் அது.

ஆனால் இரண்டு தீர்ப்புகளும் அதிகாரிகளைப் பற்றியவை. எங்கள் ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் சிப்பாய்கள். சிப்பாயாகச் சேர விரும்பும் மல்லாங்கிணற்றுப் பெண்ணுக்குத் தரைப்படையில் உள்ள வழி ராணுவப் போலீஸ் பிரிவு. அதில் முதல் அணியாக 83 பெண்கள் 2021 மே மாதம் பெங்களூரில் பயிற்சி முடித்தார்கள். இடங்கள் மிகக் குறைவு. உயர வரம்பு இன்னொரு சுவர். அண்மை ஆண்டுகளின் அக்னிவீர் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் தமிழ்நாட்டு ஆணுக்குக் குறைந்தபட்ச உயரம் 166 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 162. நாலு சென்டிமீட்டர்தான் வேறுபாடு. இந்திய ஆண் பெண் சராசரி உயரங்களுக்கு இடையே பத்து சென்டிமீட்டருக்கும் மேல் வேறுபாடு இருக்கிறது. ஆணுக்கு வைத்த கோடு ஏறக்குறைய சராசரி ஆணின் உயரத்தில் நிற்கிறது, பெண்ணுக்கு வைத்த கோடு சராசரிப் பெண்ணின் தலைக்கு வெகு மேலே நிற்கிறது. ஓட்டத்தில் ஆணுக்கு 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு மதிப்பெண், பெண்ணுக்கு ஏழரை நிமிடம். அங்கே உடல் வேறுபாட்டைக் கணக்கில் எடுத்த ராணுவம் உயரத்தில் அதை எடுக்கவில்லை. நிதிஷா தீர்ப்பு சொன்ன மறைமுகப் பாகுபாட்டுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம். இதை எதிர்த்து வழக்குப் போட ஓர் அதிகாரிக்கு இருக்கும் வசதி களையெடுப்புக் கூலிக்குப் போகும் தாயின் மகளுக்கு இல்லை.

2024 நவம்பரில் வெளியே கசிந்த ஒரு கடிதத்தையும் இங்கே எடைபோட வேண்டும். பெண் கர்னல்கள் 2023 முதல் படைப்பிரிவுகளுக்குத் தலைமை ஏற்றார்கள். அவர்களில் எட்டுப் பேரைப் பற்றி 17-ஆம் கோர் தளபதி தன் மேலதிகாரிக்குக் குறை எழுதினார்: பரிவு போதவில்லை, தன்முனைப்பு அதிகம், அடுத்தவர் மீது புகார் சொல்லும் போக்கு. எட்டுப் பேரை மட்டும் பார்த்து, அதே காலத்தில் அதே பொறுப்பில் இருந்த எட்டு ஆண்களோடு ஒப்பிடாமல் சொன்ன முடிவுக்கு ஆய்வு மதிப்புக் கிடையாது. ஆனாலும் அதைப் படித்ததில் ஒரு பயன் உண்டு. செய்திகளில் வந்தவரை அதன் மையப் புகார், தலைமை தாங்கியவர்கள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களை நடத்திய விதம் பற்றியது. ஊர்க்காரச் சிப்பாய்கள் பெண்ணுக்குக் கீழ்ப்படிய மறுத்தார்கள் என்பதல்ல. பெண் தலைமையைக் குறை சொல்ல எழுதிய கடிதமே 2020-இன் வாதத்தைக் கைவிட்டுவிட்டது.

நேரடிப் போர்ப் பிரிவுகள் பற்றிய கேள்வி இதைவிடக் கடினமானது. பபிதா புனியா வழக்கில் அது எழுப்பப்படவே இல்லை. பீரங்கிப் படையில் 2023 ஏப்ரலில் ஐந்து பெண் அதிகாரிகள் சேர்ந்தார்கள். காலாட்படையும் கவசப் படையும் இன்றும் மூடியே இருக்கின்றன. அமெரிக்க மரைன் படை 2015-இல் நடத்திய சோதனையில் 134 பணிகளில் 93-இல் ஆண்கள் மட்டுமே இருந்த அணிகள் கலப்பு அணிகளை முந்தின, பெண்களுக்குக் காயமும் அதிகம். இந்தச் சான்றை மழுப்பக் கூடாது. ஆனால் அது சொல்வது அணிகளின் சராசரியை. சுமையைத் தூக்கி நடக்கக் கூடிய ஒரு பெண்ணை, மற்ற பெண்களின் சராசரியைக் காட்டித் தடுப்பதற்கு அது காரணம் ஆகாது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் ரேஞ்சர் பயிற்சியை இரண்டு பெண்கள் முடித்தார்கள். செய்ய வேண்டிய வேலைக்கு எவ்வளவு வலிமை வேண்டும் என்று கணக்கிட்டு ஒரே கோடு போட்டு, தாண்டுகிறவர் யாராக இருந்தாலும் எடுத்துக்கொள்வதே நேர்மை. அந்தக் கோட்டைத் தாண்டும் பெண்கள் குறைவாக இருந்தால் இருக்கட்டும்.

என்னை அதிகம் வருத்துவது படையின் வாசலுக்கு வெளியே தள்ளப்பட்ட பெண்களையும் வெளியே இருக்கும் பெண்களையும் படை நினைக்கும் விதம். 1988-இல் ராணுவச் செவிலியர் அதிகாரி செலினா ஜான் திருமணம் செய்துகொண்டதற்காகப் பணியிலிருந்து நீக்கப்பட்டார். அவருக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்குமாறு உச்ச நீதிமன்றம் சொன்னபோது 2024 பிப்ரவரி. வீர விருது பெற்று இறந்தவரின் மனைவி மறுமணம் செய்துகொண்டால் விருதுக்கான மாதத் தொகை நின்றுவிடும், இறந்தவரின் சகோதரனையே மணந்தால் மட்டும் தொடரும் என்ற விதி 2017 நவம்பர் வரை இருந்தது. வீட்டை விட்டுச் சொத்து போகாமல் விதவையைக் கொழுந்தனுக்குக் கட்டிவைக்கும் பழைய ஏற்பாட்டை ஒரு குடியரசின் பாதுகாப்பு அமைச்சகம் பல ஆண்டுகள் விதியாகவே வைத்திருந்தது. பிறர்மனை உறவு குற்றமல்ல என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், தங்களுக்கு விலக்கு வேண்டும் என்று படைகள் கேட்டன. ராணுவச் சட்டங்களின்படி நடவடிக்கை எடுக்கத் தடையில்லை என்ற விளக்கத்தை 2023 ஜனவரி 31 அன்று பெற்றன. எல்லையில் இருப்பவனுக்கு வீட்டைப் பற்றிய நிம்மதி வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்த நிம்மதிக்காக மனைவியை ஒரு படைவீரன் இன்னொருவனிடமிருந்து திருடக் கூடிய பொருளாக ஒழுங்கு விதிகள் கருதுகின்றன. அவளுக்கு என்று ஒரு மனம் இருப்பதாக அவை எண்ணவே இல்லை.

இதே வரிசையில்தான் 2013 ஜனவரியில், பாலியல் குற்றச் சட்டங்களைத் திருத்துவது பற்றி வர்மா குழு கொடுத்த அறிக்கையும் வருகிறது. மோதல் பகுதிகளில் படையினர் செய்யும் பாலியல் வன்கொடுமை சாதாரணக் குற்றவியல் சட்டத்தின் கீழ் விசாரிக்கப்பட வேண்டும், அதற்கு அரசின் முன்னனுமதி தடையாக இருக்கக் கூடாது என்று அது பரிந்துரைத்தது. ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தில் அந்தத் திருத்தம் இன்றுவரை செய்யப்படவில்லை. 2004-இல் மணிப்பூரில் படையினர் பிடித்துப்போன மனோரமா என்ற பெண் கொல்லப்பட்ட பிறகு இம்பால் கங்ளா கோட்டை வாசலில் ஆடை களைந்து நின்ற தாய்மார்கள் கேட்டதும் இதைத்தான். பெண் அதிகாரிகளின் பதவி உயர்வுக்குக் குரல் கொடுத்த பலர் இந்தத் தாய்மார்களுக்காகக் குரல் கொடுக்கவில்லை. எனக்கு இரண்டும் ஒரே வழக்கின் இரண்டு பக்கங்கள்.

ஆகவே என் முடிவு இது. கிராமத்து ஆண் பெண் தலைமையை ஏற்கமாட்டான் என்ற வாதம் சான்றில்லாதது. படை தான் வளர்த்த ஒன்றை ஊரின் தலையில் கட்டியது. அதைத் தள்ளிய தீர்ப்பு சமத்துவத்தில் சரி. ஆண்மையைப் பற்றிய புரிதலில் அது பாதி வழியில் நின்றுவிட்டது, நிதிஷா இன்னும் கொஞ்ச தூரம் போனது. சிப்பாய்ப் பணிகளில் பெண்ணுக்கான வழியை அகலமாக்குவதும், 162 சென்டிமீட்டர் கோட்டை இறக்குவதும், வர்மா குழுவின் அந்தப் பரிந்துரையைச் சட்டமாக்குவதும் நடக்காதவரை, அணிவகுப்பில் பெண்கள் நடந்து வருவதைக் காட்டி ராணுவம் மாறிவிட்டது என்று சொல்வதை ஏற்க முடியாது.

போரே வேண்டாம் என்கிற பெண்ணியத் தோழிகள் கேட்கும் கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது: கொல்லும் தொழிலில் பங்கு கேட்பதா விடுதலை? ஈழத்தைப் பார்த்த பிறகு இந்தக் கேள்வியை லேசாக எடுக்க முடியவில்லை. ஆனால் வாசலை மூடி வைத்திருப்பதால் போர் குறைவதில்லை. சம்பளமும் ஓய்வூதியமும் நிமிர்ந்த நடையும் ஒரு பாதி மக்களுக்கு மட்டும் போய்ச் சேர்கின்றன. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நாலு வருடத்தில் முக்கால்வாசிப் பேரைத் திருப்பி அனுப்புவதாக வைத்து, அந்த ஆண்களுக்கும் ஓய்வூதியத்தைப் பறித்துவிட்டார்கள். அதை எதிர்த்து எங்கள் பையன்கள் பேசும்போது, அவர்களோடு ஓடிப் பழகும் பெண்பிள்ளைகளின் கோரிக்கையையும் சேர்த்துப் பேச வேண்டும். 2020-இல் தங்கள் பெயரால் சொல்லப்பட்டதைப் பொய் என்று அவர்களே காட்டுவதற்கு அதுதான் வழி.